கொழும்பில் படித்த பிள்ளை கச்சான் விற்பதா?

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை நீங்கள் வந்தபோது உங்கள் மகள் விட்டுப்போன இரண்டு கச்சான் (நிலக்கடலை) பக்கெட்டுகளில் ஒன்றை உடைத்துச் சாப்பிட்டுவிட்டேன். ருசி நல்லது. உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்.

வெள்ளவத்தையில் வளர்ந்து, உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படித்த பிள்ளை முல்லைத்தீவு முள்ளியவளைக்குப் போய்த் தன் சித்தியோடு கச்சான் வறுப்பதா என்று கேட்டுக் கண் கலங்கினீர்கள். அவளுக்கு முன்னால் சொல்லாததை இப்போது சொல்கிறேன்: தனியார் பட்டப்படிப்புக்காக நகையை அடகு வைப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, இது இல்லை. ஆனால் அவள் வறுக்கப் போகவேண்டாம். வறுக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அவள் பார்க்க வேண்டியது கணக்கும் விற்பனையும்.

முல்லைத்தீவுப் பக்கம் 2009க்குப் பிறகு மீளக் குடியேறிய குடும்பங்களில், பெண் ஒருத்தியின் உழைப்பில் ஓடுகிற வீடுகள் எத்தனையோ. கச்சான், மோர்மிளகாய், ஒடியல் மா, தையல் என்று முற்றத்திலேயே தொழில் தொடங்கினார்கள். கைப்பக்குவத்துக்குக் குறைவில்லை. கணக்கில்தான் இடிக்கிறது. சித்தியின் விலைக் கணக்கை அன்று மகளைக் கொண்டே எழுத வைத்தேன். 10 கிலோ கோதுக் கச்சான் வாங்கிய காசை 10ஆல் பிரித்து, அதுவே ஒரு கிலோவின் அடக்கவிலை என்று வைத்திருக்கிறார். கோதை உடைத்தால் பருப்பு 6.5, மிஞ்சினால் 7 கிலோதான் தேறும். வறுத்தால் இன்னும் குறையும். விறகு, பை, ஆட்டோக் காசு எதுவும் சேரவில்லை. நாள் முழுக்க இருந்து உடைத்த பெண்களின் கூலியும் இல்லை. மகள் பேனையை வைத்துவிட்டு, "அப்ப சித்தி நட்டத்துக்கோ வித்துக்கொண்டிருக்கிறா?" என்று கேட்டாள். அதோடு அவளைப் பற்றிய என் யோசனை தீர்ந்தது.

மற்றப் பக்கெட்டைப் பாருங்கள். பையின் வாயை மெழுகுதிரிச் சுடரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு மூலையில் ஓட்டை. திகதி இல்லை. கோயில் திருவிழாவில் இது போகும், காலி வீதிக் கடையில் போகாது. நிகர நிறை, சேர்மானம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி எண், தயாரித்தவர் முகவரி எல்லாம் லேபலில் வேண்டும். சுப்பர் மார்க்கெட் என்றால் இலங்கைக்குரிய 479இல் தொடங்கும் பார்கோடும் கேட்பார்கள். அதைவிட முக்கியம் காயவைப்பது. கச்சான் சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்தால் அஃப்லடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒளித்துத் திரியாமல், தொடக்கத்திலேயே அவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வியாபாரப் பெயரைக் கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்தில் பதியலாம். அங்கே சிறு தொழில் முயற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையும் அப்படியே பார்த்துவிட்டு வரட்டும்.

கடன் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமைதான். வாரா வாரம் வாசலுக்கு வந்து தவணை வாங்கும் நுண்கடன் வேண்டவே வேண்டாம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. கச்சான் வருவது பருவத்துக்கு, தவணை வருவது வாரத்துக்கு, எப்படிக் கட்டுவது? அவசியமென்றால் ஊரிலுள்ள சிக்கனக் கடனுதவுச் சங்கத்தில் சேரட்டும், அல்லது பிரதேச அபிவிருத்தி வங்கியில் கேட்கட்டும். அதுவும் ஆறு மாதக் கணக்கு கையில் வந்த பிறகு.

அந்த ஆறு மாதமும் அவள் மாதத்தில் ஒரு கிழமை முள்ளியவளையில் நின்றால் போதும். மீதி நாட்களில் இங்கே இருந்து விற்கட்டும். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மொத்த விலை விசாரிக்க இப்போதே அனுப்புங்கள், நீங்களும் கூடப் போங்கள். படிப்பு நின்றுவிடுமோ என்றால், நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு யாழ்ப்பாணத்திலும் பிராந்திய நிலையம் உண்டு. உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம் என்பது உங்களுக்கே தெரியும். அவளுக்கு மறுபடி எழுத மனமில்லை என்றால் நான் வற்புறுத்த மாட்டேன்.

அடுத்த முறை வரும்போது சித்தியின் கணக்குக் கொப்பியை எடுத்து வாருங்கள். அப்படியொன்று இல்லையென்றால், வருகிற வழியில் 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தை இங்கேயே இருந்து எழுதிவிடலாம்.