வாசகர் கேள்வி – பதில்: சின்னக் கருவி, சின்ன அன்டெனா

கேள்வி: வணக்கம் ஐயா. பாமசிகளில் இன்சுலின், தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜின் வெப்பநிலையை அளந்து வைஃபை வழியாகப் போனுக்கு அனுப்பும் ஒரு சின்னக் கருவி செய்திருக்கிறேன். போர்ட் என் சொந்த டிசைன், 2.4 கிகாஹெர்ட்ஸ் சிப் அன்டெனா (போர்ட்டில் ஒட்டும் சின்னப் பீங்கான் வகை). மேசையில் வெறும் போர்ட்டாக இருக்கும்போது வீடு முழுக்க வேலை செய்கிறது. பேட்டரியோடு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு மூடினால் அடுத்த அறைக்கே சிக்னல் போகவில்லை. மேட்சிங்குக்கு (அன்டெனாவின் மின்மறுப்பை 50 ஓமுக்குப் பொருத்தும் சுற்றுக்கு) மூன்று பாகங்கள் வைக்க இடம் விட்டு, டேட்டாஷீட்டில் உள்ள பெறுமானங்களையே போட்டேன். வேறு என்ன போடலாம்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, என்ன போடலாம் என்பதை அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. டேட்டாஷீட்டில் இருப்பது அந்தக் கம்பனி தன்னுடைய சோதனைப் போர்ட்டில் எடுத்த பெறுமானம், உங்கள் போர்ட்டின் நீள அகலம் வேறு, பேட்டரி இருக்கும் இடம் வேறு. 2.45 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12 சென்ரிமீட்டர் சொச்சம், அதில் கால்வாசி என்றால் 3 சென்ரிமீட்டர். அதைச் சில மில்லிமீட்டர் பீங்கானுக்குள் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்றால், மீதி வேலையைப் போர்ட்டின் கிரவுண்ட் செம்புப் பரப்புத்தான் செய்கிறது. ஆகவே கிரவுண்டின் அளவு மாறினால் அன்டெனாவே மாறியது போலத்தான்.

இனி அந்தப் பெட்டி. கச்சேரிக்கு முன் மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்பினால் சுருதி இறங்கும் அல்லவா, அன்டெனாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக், கை, தண்ணீர் எது வந்தாலும் அதன் ஒத்திசைவு அதிர்வெண் அப்படித்தான் கீழே இறங்கும். வைஃபைக்கு வேண்டியது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. சிப் அன்டெனாவின் பட்டை அகலம், அதாவது அது நன்றாக வேலை செய்யும் அதிர்வெண் வீச்சு, பொதுவாகவே குறைவு, பெட்டியை மூடியதும் அது இந்த எல்லைக்கு வெளியே நழுவிவிடுகிறது. உங்கள் கருவியில் நடப்பது பெரும்பாலும் இதுதான். அதனால் மேட்சிங் பார்ப்பதென்றால் பேட்டரி, வயர், ஸ்க்ரூ எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்க, பெட்டி மூடியபடி பாருங்கள், வெறும் போர்ட்டில் பார்ப்பது வீண் வேலை.

அளக்க நானோவிஎன்ஏ என்ற கையடக்க அன்டெனா அளவி ஒன்று போதும். ஆனால் முதலில் வந்த மலிவான வகை 900 மெகாஹெர்ட்ஸுக்குத்தான் நன்றாக வேலை செய்யும், 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை ஒருமாதிரி இழுக்கலாம், உங்களுக்கு 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் வகை வேண்டும். அந்த மூன்று பாகங்களையும் கழற்றிவிட்டு, அன்டெனா பக்கத்துப் பேடில் மெல்லிய கோஆக்ஸ் வயரை (நடுவில் கம்பி, சுற்றி உலோக வலை உள்ள வயர்) சோல்டர் செய்து, அதன் வெளிச்சுற்றைப் பக்கத்திலேயே கிரவுண்டில் பற்றவைத்து, வயரின் நுனிவரை கலிபரேட் செய்துகொள்ளுங்கள். இந்தக் கலிபரேஷனை விட்டால் நீங்கள் அளப்பது அன்டெனாவை இல்லை, வயரை. அப்புறம், எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்11 வளைவில் பள்ளம் எந்த அதிர்வெண்ணில் விழுகிறது, மின்மறுப்பைக் காட்டும் ஸ்மித் சார்ட்டில் புள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 1939 இல் பெல் ஆய்வுக்கூடத்தின் பிலிப் ஸ்மித் வெளியிட்ட அந்த வட்டப் படத்தை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து படித்துவிட்டால், எந்த இடத்தில் கப்பாசிட்டர், எந்த இடத்தில் இன்டக்டர், தொடராகவா கிரவுண்டுக்கா என்பதெல்லாம் கண்ணாலேயே தெரியும். எஸ்11 மைனஸ் 10 டெசிபல் வந்தால் பத்தில் ஒரு பங்கு சக்திதான் திரும்பி வருகிறது, உங்கள் வேலைக்கு அது போதும்.

பாகங்களைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்த அதிர்வெண்ணில் 1 நானோஹென்றி என்பது சுமார் 15 ஓம், ஒரு மில்லிமீட்டர் மெல்லிய கம்பியே கிட்டத்தட்ட அவ்வளவு தரும். ஆகவே கையில் கிடைத்த 0805 அளவுப் பாகத்தை நீட்டிச் சோல்டர் செய்தால் கணக்கு முழுக்கப் பிழையாகிவிடும். அதைவிடச் சின்ன 0402 அளவு எடுங்கள். கப்பாசிட்டர், பெறுமானம் எளிதில் மாறாத சி0ஜி வகையாகவே இருக்கட்டும், எக்ஸ்7ஆர் இங்கே வேண்டாம். 1 பிகோஃபரட் போன்ற சின்னப் பெறுமானத்தில் கூடக்குறைய 0.1 பிகோஃபரட்டுக்குள் இருப்பதாகப் பாருங்கள். இன்டக்டர் கம்பி சுற்றிய வகையென்றால் இழப்புக் குறைவு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மற்ற எல்லாம் வாங்கலாம், இவற்றுக்கு மட்டும் ஒன்லைனில் ஒரு சாம்பிள் கிட் எடுப்பதுதான் நல்லது.

ஆனால் எஸ்11 நன்றாக வந்துவிட்டது என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள், பலர் ஏமாறும் இடம் இதுதான். 50 ஓம் தடையி ஒன்றை அந்த இடத்தில் வைத்தாலும் எஸ்11 அருமையாக வரும், ஒரு துளி அலைகூட வெளியே போகாது, எல்லாம் சூடாகிவிடும். இழப்பு நிறைந்த பாகங்களைப் போட்டு மேட்ச் செய்தாலும் அதேதான். அதனால் ரவுட்டரை ஓரிடத்தில் வைத்து, கருவியை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அங்கே கிடைக்கும் சிக்னல் பலத்தைக் குறித்து, சராசரி பாருங்கள். 3 டெசிபல் கூடினால் சக்தி இரண்டு மடங்கு. அது கூடாவிட்டால் குற்றம் மேட்சிங்கில் இல்லை. அன்டெனாவுக்குக் கீழே செம்பு ஓடுகிறதா, பேட்டரி அதை ஒட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள், போர்ட்டைப் புதிதாகச் செய்யவேண்டி வந்தாலும் தயங்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை என்றாலும் கேட்கவேண்டியிருக்கிறது: கருவியைப் பிரிட்ஜுக்கு உள்ளேயா வைக்கப்போகிறீர்கள்? அது இரும்புத் தகட்டுப் பெட்டி, கதவு ரப்பர் இடுக்கால் கசிவதுதான் வெளியே வரும். சென்சரை மட்டும் வயரில் உள்ளே விட்டுவிட்டுக் கருவியை வெளியே ஒட்டுங்கள். இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டிய மருந்து, சிக்னல் விட்டுவிட்டு வரும் கருவியை நம்பி ஒரு நோயாளியின் மருந்தை வைக்கக்கூடாது.

கேள்வி: போனுக்குள் இவ்வளவு சின்ன இடத்தில் எல்லா 4ஜி பட்டைகளுக்கும் எப்படி அன்டெனா வைக்கிறார்கள்?
– மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: ஒரே அன்டெனாவை நேரத்துக்கு நேரம் மாற்றிக்கொள்கிறார்கள். 700 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 10.7 சென்ரிமீட்டர், 1800 இல் 4.2. அன்டெனாவைச் சுருக்கச் சுருக்கப் பட்டை அகலமும் குறையும் என்பதை 1947 இல் வீலர், 1948 இல் சூ என்ற பொறியியலாளர்கள் கணக்காகவே காட்டிவிட்டார்கள், அதைத் தாண்ட வழியில்லை. எனவே அன்டெனாவின் உடலிலேயே ஒரு சுவிட்ச் வைத்து, தேவைக்கேற்ப ஒரு கப்பாசிட்டரையோ இன்டக்டரையோ கிரவுண்டோடு இணைத்து ஒத்திசைவையே நகர்த்துகிறார்கள், இது அபர்ச்சர் டியூனிங். சிப் பக்கத்து வாயிலில் மட்டும் மேட்சிங்கை மாற்றுவது இம்பீடன்ஸ் டியூனிங். முதலாவதுதான் அன்டெனாவின் திறனையே கூட்டும், என் கணக்கில் அதுதான் பெரிய விஷயம். அந்தச் சுவிட்ச் லேசான பாகம் இல்லை. மூடியிருக்கும்போது தடை மிகக் குறைவாகவும், திறந்திருக்கும்போது கொள்ளளவம் மிகக் குறைவாகவும் இருக்கவேண்டும், பத்துக்கணக்கான வோல்ட்டையும் தாங்கவேண்டும். 2010 இல் ஐபோன் 4 ஐக் கையில் ஒருவிதமாகப் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று பெரிய சர்ச்சை வந்து, அப்பிள் இலவசமாக உறை கொடுத்தது. கை பட்டால் அன்டெனா எவ்வளவு மாறும் என்று உலகத்துக்கே தெரிந்தது அப்போதுதான்.

கேள்வி: போனின் பின்னால் ஒட்டும் சிக்னல் கூட்டும் ஸ்டிக்கர் வாங்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம். அது எதோடும் இணைக்கப்படாத உலோகத் தாள், அன்டெனாவுக்கு நேரே ஒட்டினால் சிக்னல் இன்னும் குறையவும் கூடும். பின்பக்கம் இரும்புத் தகடு உள்ள கவர் போட்டிருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் செய்த வயர்லெஸ் கருவியை விற்கலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி பற்றிக் கேட்காமல் விற்காதீர்கள். சான்று பெற்ற மொடியூலைப் பயன்படுத்தினால் வேலை இலகு, ஆனால் அதன் அன்டெனாவை மாற்றினால் பழைய சான்று செல்லாமல் போகலாம். அதனால் அன்டெனாவை முடிவு செய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.