பிஸ்டல் இடது கீழேயே சுடுகிறது, ரியர் சைட்டை எந்தப் பக்கம் திருப்புவது?

வலது கைக்காரர், கிளப்பின் பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் குண்டு போடும்) பிஸ்டல், 25 மீட்டர், குண்டெல்லாம் இடது கீழே விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விதி சுலபம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ரியர் சைட் (குறி பார்க்க உங்கள் கண் பக்கம் இருக்கும் பள்ளம்) நகர வேண்டும், அதாவது உங்களுக்கு வலமும் மேலும். குழல் முனையில் இருக்கும் ஃபிரண்ட் சைட்டை நகர்த்தினால் எல்லாம் தலைகீழ்.

ஆனால் ஸ்குரூடிரைவரை இப்போதே எடுக்காதீர்கள். வலது கைக்காரருக்கு இடது கீழே விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விரலைத்தான். டிரிகரோடு சேர்ந்து உள்ளங்கையும் இறுகுகிறது, இல்லாவிட்டால் சத்தம் வரப்போகிறதே என்று மணிக்கட்டு முந்திக்கொண்டு தாழ்கிறது. ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரை உங்களுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மியை (வெடிக்காத போலித் தோட்டா) கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும் நேரத்தில் வெடிக்காத பிஸ்டலின் முனை பொசுக்கென்று கீழே குனிந்தால் எந்தச் ஸ்குரூவும் உங்களைக் காப்பாற்றாது.

முனை அசையவில்லையா, சரி, அப்படியானால் சைட்தான். போட்டியில் நிற்பது போலவே நின்று, ஒற்றைக் கையில், கண்ணை இலக்கில் இல்லாமல் ஃபிரண்ட் சைட்டில் வைத்து (கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிவதுதான் சரி) ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் கொத்தாக விழுந்தால் அந்தக் கொத்தின் நடுவை வைத்துக் கணக்குப் போடுங்கள், தனியாகப் போன ஒரு குண்டின் பின்னால் ஓடாதீர்கள். தாள் முழுக்கச் சிதறியிருந்தால் அன்றைக்குத் திருத்த ஒன்றுமில்லை.

எவ்வளவு நகர்த்துவது? விலகலை, அதாவது கொத்தின் நடு இலக்கின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதை, இரண்டு சைட்டுக்கும் இடையிலான நீளத்தால் பெருக்கித் தூரத்தால் வகுங்கள். 50 மில்லிமீட்டர் விலகல், சைட்டுகளுக்கு நடுவே 200 மில்லிமீட்டர், தூரம் 25,000 மில்லிமீட்டர் என்றால் வருவது 0.4 மில்லிமீட்டர். இத்தனைக்கும் 50 மில்லிமீட்டர் என்பது 25 மீட்டர் பிரிசிஷன் இலக்குத் தாளில் முழுசாக இரண்டு வளையம்! அதனால் பிஸ்டலை காலி செய்து, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) திறந்து பார்த்துவிட்டு, ரியர் சைட் ஸ்குரூவை இரண்டு மூன்று கிளிக் (திருப்பும்போது 'டிக்' என்று விழும் ஒவ்வொரு படி) மட்டும் திருப்பி மறுபடி ஐந்து சுட்டுப் பாருங்கள். ஸ்குரூ பக்கத்தில் இருக்கும் எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சில கம்பெனிகளில் அது குண்டு நகரப்போகும் பக்கம், சில ஜெர்மன் பிஸ்டல்களில் குண்டு இப்போது தவறி விழும் பக்கம்.

1960 ஆயுதச் சட்டத்தில் ஏர் பிஸ்டலுக்குக்கூட லைசென்ஸ் கேட்கும் நாடு நம் மலேசியா, வீட்டில் வைத்து நோண்டிப் பழகும் பேச்சே இல்லை, சுபாங் மாதிரி ரேஞ்சில் கிடைக்கும் நேரம்தான் நமக்கு. அதுவும் கிளப் துப்பாக்கியைப் பத்துப் பேர் தொடுவார்கள். திருப்புவதற்கு முன் எத்தனை கிளிக் என்று நோட்டில் எழுதிவையுங்கள், போகும்போது பழையபடி திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வரும் அங்கிள் உங்களைச் சும்மா விடமாட்டார். எந்தத் தோட்டா என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். பிராண்ட் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும்.