அக்கா சொல்வதும் மருத்துவர் சொல்வதும்

கேள்வி: எனக்கு வயது 51. மாதவிலக்கு நின்று 14 மாதங்கள் ஆகின்றன. நள்ளிரவில் மார்பிலிருந்து முகம்வரை குப்பென்று சூடேறி, தலையணை உறை நனையுமளவுக்கு வியர்க்கிறது. அடுத்த நிமிடமே குளிரெடுக்கிறது. சில இரவுகளில் மூன்று முறைகூட எழுந்து உடை மாற்றுகிறேன். ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாம் என்கிறார் மருத்துவர். புற்றுநோய் வரும் என்று தடுக்கிறார் அக்கா. நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் அக்காவின் அச்சம் ஆதாரமற்றது அன்று. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரு வகைப் பெண் ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையை எடுத்துக்கொண்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதால், 2002-இல் அந்தப் பிரிவை இடையிலேயே நிறுத்தினார்கள். கூடுதல் என்பது எவ்வளவு என்பதைத்தான் பலரும் கேட்பதில்லை: ஆண்டுக்கு 10,000 பெண்களில் ஏறத்தாழ 8 பேர். அதிலும், அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்கு முன்போ, மாதவிலக்கு நின்ற 10 ஆண்டுகளுக்குள்ளோ தொடங்குபவர்களுக்கு, வேறு தடைகள் இல்லையென்றால், பெரும்பாலும் தீமையைவிட நன்மையே மிகுதி என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. இரவு வியர்வைக்கு ஈஸ்ட்ரோஜனைப் போல் கேட்கும் மருந்து வேறில்லை. எலும்புத் தேய்மானத்தையும் அது தடுக்கிறது.

கருப்பை அகற்றப்படாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால், புரோஜெஸ்டோஜனையும் சேர்த்தே தர வேண்டும். உங்கள் இடத்தில் இருப்பவருக்கு நான் மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பேட்சையே முதலில் சொல்வேன். மாத்திரையைப் போல் அது இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய், கால் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, கடுமையான கல்லீரல் நோய் ஆகியவற்றில் ஏதேனும் உங்களுக்கு வந்திருந்தால், கேட்கப்படாவிட்டாலும் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அத்தகையோருக்குப் பொதுவாக இச்சிகிச்சை பொருந்தாது.

ஹார்மோன் வேண்டாமென்று முடிவு செய்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்ற மாத்திரைகள் வியர்வையை ஓரளவு குறைக்கும். காபாபென்டின் தூக்கம் தருவதால் இரவில் அவதிப்படுபவர்களுக்கு ஏற்றது. மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தில் நேரடியாகச் செயல்படும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023-இல் அனுமதி அளித்தது. அதை எடுப்பவர்கள் கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. 'இயற்கையானது' என்று விற்கப்படும் மூலிகை மாத்திரைகளை நான் பரிந்துரைப்பதில்லை. பலன் உறுதியில்லை, சிலவற்றால் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. பிறப்புறுப்பு வறட்சி மட்டுமே தொல்லையென்றால், அங்கேயே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் போதும்.

சிகிச்சையைத் தொடங்குமுன் தைராய்டு, இரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை மூன்றையும் முடித்துவிடுங்கள்; தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதேபோல் வியர்க்கும். இனிமேல் ஒரு துளி இரத்தம் கசிந்தாலும், மீண்டும் மாதவிலக்கு வந்துவிட்டது என்று எண்ணிக் காத்திருக்காமல் உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.