10க்கு 12 அடி அறையில் ஸ்டுடியோ மானிட்டரை எங்கே, எப்படி வைப்பது?

கேட்டவர் சொன்னது இது. வேலூர் சத்துவாச்சாரியில் மாடி அறை, 10க்கு 12 அடி, உயரம் 10 அடி. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. மூலையில் போட்ட மேசையில் 5 அங்குல மானிட்டர் (மிக்ஸ் செய்யும்போது கேட்கும் ஸ்பீக்கர்) ஒரு ஜோடி. அம்மன் பாட்டு, சர்ச் பாட்டு இரண்டும் பதிவு செய்கிறார். அறையில் கேட்கும்போது பம்பையும் பேஸ் கிட்டாரும் கும்மென்று நிறைகின்றன. அதே மிக்ஸைக் காரில் போட்டால் அடி இல்லாமல் வறண்டு போகிறது. கூடவே ஒரு உறுமல் சத்தம். 8 அங்குல ஸ்பீக்கர் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. இப்போது அறைதான் பேஸைப் பெருக்கிக் காட்டுகிறது. அதை நம்பி நீங்கள் மிக்ஸில் பேஸைக் குறைக்கிறீர்கள், காரில் அது இல்லாமல் போகிறது. பெரிய ஸ்பீக்கர் அதே அறைக்குள் இன்னும் அதிக பேஸைத் தள்ளும், கோளாறும் கூடும். முதலில் மேசையை மூலையிலிருந்து எடுங்கள். காசு செலவில்லாத வேலை இது, பலனும் இதில்தான் அதிகம்.

மூலை ஏன் கெடுக்கிறது என்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். அறை 30 டிகிரி சூட்டில் இருந்தால் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். இதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த நீளத்தில் எந்த அதிர்வெண் தேங்கி நிற்கும் என்பது கிடைக்கும். 12 அடி என்பது 3.66 மீட்டர், அதற்கு 48 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். உங்கள் அறையின் அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57 இரண்டு திசையிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. இவற்றின் இரட்டிப்பு 96, 115. கீபோர்டில் இவை ஏறக்குறைய ஜி, ஏ ஷார்ப் சுரங்களின் மேல் விழுகின்றன. உங்கள் பாட்டு அந்த சுருதியில் இருந்தால் பேஸ் வெடிக்கும், அரை சுரம் தள்ளிப் போனால் அடங்கிவிடும். மூலையில் வைத்த ஸ்பீக்கர் இந்தத் தேக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழு பலத்தில் கிளப்பும்.

இனி எங்கே உட்காருவது. 10 அடிச் சுவரைப் பார்த்து உட்காருங்கள், ஸ்பீக்கர் 12 அடி நீளத்தை நோக்கிப் பாடட்டும். முன்சுவரிலிருந்து சரியாக 6 அடியில் தலை இருந்தால் 48 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். 3 அடியில் 96 காணாமல் போகும். பின்சுவரில் முதுகை ஒட்டினால் எல்லாமே பெருத்துவிடும். அதனால் நீளத்தில் 38 சதவீதம், அதாவது நாலரை அடியில் காது வரும்படி நாற்காலியைப் போடுங்கள். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. பிறகு அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்க வேண்டும். இடவலத்தில் அறையின் நடுக்கோட்டில் இருப்பது கட்டாயம். ஒரு பக்கம் பீரோ, மறுபக்கம் ஜன்னல் என்றிருந்தால் பாடகர் குரல் ஒரு பக்கமாகச் சாயும். பீரோவைப் பின்பக்கம் தள்ளிவிடுங்கள்.

ஸ்பீக்கர் இரண்டும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். இந்த அறைக்கு ஒரு பக்கம் 110 செ.மீ. சரியாக வரும். ட்வீட்டரிலிருந்து (உயர்ந்த ஒலி தரும் சிறிய ஸ்பீக்கர்) ட்வீட்டருக்கு 110, ஒவ்வொரு ட்வீட்டரிலிருந்தும் தலைக்கு 110. ஒரு நூலை எடுத்து அளந்தால் போதும். ஒரு செ.மீ. வித்தியாசம்கூட விடாதீர்கள், ஏனென்றால் நடுவில் நிற்க வேண்டிய குரல் அவ்வளவு வித்தியாசத்துக்கே நகர்ந்துவிடும். ஸ்பீக்கரை 30 டிகிரி உள்ளே திருப்பினால் இரண்டும் உங்களை நேராகப் பார்க்கும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் பெரும்பாலும் 110 முதல் 115 செ.மீ. இடம் போதவில்லை என்று ஸ்பீக்கரைப் படுக்க வைக்காதீர்கள். ட்வீட்டரும் வூஃபரும் (பேஸ் தரும் பெரிய கூம்பு) பக்கவாட்டில் வந்துவிட்டால், தலையைக் கொஞ்சம் அசைத்தாலே நடு அதிர்வெண்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

மேசைமேல் ஸ்பீக்கரை வைத்தால் பலகையும் சேர்ந்து பாடும். தனி ஸ்டாண்ட் விலை அதிகமாகத் தெரிந்தால், நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் ஹாலோ பிளாக் போதும். 16க்கு 8க்கு 8 அங்குலக் கல் ஒரு பக்கத்துக்கு நான்கு, ஒன்றின்மேல் ஒன்றாகச் சிமெண்ட் பூசி ஒட்டினால் 80 செ.மீ. அதன்மேல் கடப்பா கல் ஒரு துண்டு, 2 செ.மீ. அதன்மேல் ஸ்பீக்கருக்கு அடியில் 4, 5 செ.மீ. கனத்தில் அழுத்தமான ஃபோம். 5 அங்குல மானிட்டரில் ட்வீட்டர் அடியிலிருந்து 20 செ.மீ. சுமாருக்கு இருக்கும் என்பதால் மொத்தம் 107 வரை வந்துவிடும். மீதியை நாற்காலி உயரத்தில் சரி செய்யுங்கள். சிமெண்ட் பூசாமல் வெறுமனே அடுக்க வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆபத்து.

முன்சுவருக்கும் வூஃபர் முகத்துக்கும் உள்ள இடைவெளிதான் பலரும் கவனிக்காமல் விடுவது. பேஸ் ஒலி ஸ்பீக்கருக்குப் பின்னாலும் பரவிச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. திரும்பி வரும் அலை நேர் அலைக்கு எதிராக நிற்கும் அதிர்வெண்ணில் ஒரு பள்ளம் விழும். 350ஐ அந்த இடைவெளியின் நான்கு மடங்கால் வகுத்தால் பள்ளம் எங்கே என்று தெரியும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் 88 ஹெர்ட்ஸ். அடியும் பேஸும் வாழும் இடமே அதுதான், எந்த மெத்தையும் அதை அடைக்காது. மேலே சொன்ன முக்கோணத்தில் இடைவெளி 40 செ.மீ. ஆகிறது, பள்ளம் 220 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. அதை 4 அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பேனலால் பெருமளவு அடக்கலாம். சிறிய அறையில் ஸ்பீக்கரைச் சுவருக்குக் கிட்டத்தில் வைப்பதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். கிட்டத்தில் வைப்பதால் கூடும் பேஸைக் குறைக்கத்தான் பின்பக்கம் சுவிட்ச் கொடுத்திருக்கிறார்கள். உதாரணமாக, யமஹா எச்எஸ்5 மானிட்டரில் அது ரூம் கன்ட்ரோல் என்ற பெயரில் இருக்கும். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபெல் குறைக்கும். முதலில் 2 வைத்துக் கேளுங்கள். பின்னால் ஓட்டை உள்ள ஸ்பீக்கர் என்றால், பேனலுக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடம் விடுங்கள். ஆம்ப்ளிஃபையரும் அந்தப் பக்கம்தான், அக்னி நட்சத்திர வெயிலில் அதற்கும் காற்று வேண்டும். மாலை வெயில் ஜன்னல் வழியாக வூஃபரில் நேராக விழாமல் திரை போட்டுவிடுங்கள்.

இடம் முடிவானதும் கீபோர்டில் சாதாரண சைன் ஒலி ஒன்றை எடுத்து, கீழ் ஈ (E) சுரத்திலிருந்து இரண்டு ஸ்தாயி ஒவ்வொரு சுரமாக ஒரே அழுத்தத்தில் வாசியுங்கள். எது எகிறுகிறது, எது மறைகிறது என்று குறித்துக்கொண்டு நாற்காலியை 10 செ.மீ. நகர்த்தி மறுபடியும் வாசியுங்கள். மிகவும் சமமாக வரும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். இதே சோதனையில் அறையில் கிடுகிடுக்கும் சாமான்களும் பிடிபடும்: பீரோ கதவு, ஜன்னல் கண்ணாடி, டியூப்லைட் சட்டம், பரண்மேல் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம். அந்தக் கிடுகிடுப்பை ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. 5 அங்குல ஸ்பீக்கர் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாக இறங்கிவிடும் என்பதால், அதற்குக் கீழே இருப்பதை நல்ல ஹெட்போனில் சரி பாருங்கள்.

அடுத்தது சுவர். முட்டை அட்டை வேண்டாம். பேஸை அது தொடக்கூடத் தொடாது, தீப்பிடித்தால் பரப்பும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ வேலைக்கு வரும் ஃபோம் ஷீட் மலிவாகக் கிடைக்கும், ஒட்டலாமா என்றும் கேட்கத் தோன்றும். அதன் காற்றறைகள் பெரும்பாலும் மூடியவை, ஒலி உள்ளே நுழையாது. ஸ்பீக்கருக்கு அடியில் போட அது நன்று, சுவரில் வீண். ஒரு அங்குல ஸ்டுடியோ ஃபோம் உயர்ந்த ஒலியை மட்டும் தின்னும். அறை முழுக்க அதை ஒட்டினால் மேலே மந்தமாகி, கீழே அதே கும்மென்ற சத்தம் தங்கும்.

வேண்டியது ராக்வூல் சிலாப். அடர்த்தி கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ, கனம் 50 மி.மீ. பெரும்பாலும் 1 மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் வரும். பாய்லருக்கும் குழாய்க்கும் வெப்பக் காப்பு வேலை எடுப்பவர்களிடம் கேளுங்கள், ராணிப்பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் அப்படிப்பட்டவர்களைத் தேடலாம். இரண்டு அடுக்கு வைத்து 100 மி.மீ. பேனலாக மரச்சட்டம் அடிக்கவும். பக்கச் சுவர் ஒவ்வொன்றிலும் இரண்டு, கூரையில் நான்கு, ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இரண்டு, பின் மூலைகளில் குறுக்காக மூலைக்கு இரண்டு. மொத்தம் 14 பேனல், 28 சிலாப். ஒரே நேரத்தில் முடியாவிட்டால் பின் மூலையிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் தொடங்குங்கள். பக்கச் சுவரில் எங்கே மாட்டுவது என்பதைக் கண்ணாடி காட்டிக்கொடுக்கும்: நீங்கள் நாற்காலியில் உட்கார, ஒருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பேனல்.

மேலே போர்த்தும் துணி வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் போகிற துணியாக இருக்க வேண்டும். காடாத் துணியோ குடியாத்தம் கைத்தறியோ தாராளமாகப் போதும், ரெக்சின் கூடாது. இழை உதிராமலிருக்கத் துணிக்கு உள்ளே மெல்லிய நான்-ஓவன் துணி ஒன்று சுற்றுங்கள். வெட்டும்போது முகமூடி, கையுறை, முழுக்கை சட்டை கட்டாயம். கூரைப் பேனலை முன்சுவரிலிருந்து 10 செ.மீ. விட்டு ஆங்கர் போல்ட்டில் தொங்கவிடுங்கள், முன்சுவரிலிருந்து 115 செ.மீ.க்குள் முடித்துக்கொண்டால் அறை நடுவில் இருக்கும் 48 அங்குல மின்விசிறி இறக்கையில் படாது. மின்விசிறி சுற்றும்போது அதில் பட்டுத் திரும்பும் ஒலி அதிரும், ரிவெர்ப் அளவை முடிவு செய்யும் நேரத்தில் அதை நிறுத்தியே கேட்க வேண்டும். பின்சுவரோரம் பஞ்சு மெத்தை போட்ட கட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள், அதுவும் உதவுகிறது. ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: இந்தப் பேனல்கள் நெடுஞ்சாலை லாரிச் சத்தத்தையோ ஆடி மாத ஒலிபெருக்கியையோ தடுக்காது. அதற்குக் கனமான கதவும் இடைவெளி அடைப்பும் வேண்டும், அது வேறு வேலை.

இனி உறுமல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது சாதனங்களின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகிவிடுவது. இன்டர்ஃபேஸிலிருந்து (கணினியையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஆடியோ பெட்டி) ஸ்பீக்கருக்கு ஆர்சிஏ அல்லது இரு கம்பி மோனோ கேபிள் போட்டிருந்தால், டிஆர்எஸ் அல்லது எக்ஸ்எல்ஆர் வகை மூன்று கம்பி பேலன்ஸ்டு கேபிளுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அத்தோடு போய்விடும். எல்லாச் சாதனத்தையும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடுங்கள். எர்த் பின்னை வெட்டச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் கம்பி எங்கும் போயிருக்காது. எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் சுமார் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. கரியும் உப்பும் போட்ட எர்த் குழி வேலூர் கோடையில் காய்ந்துவிடும், அதில் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். கரண்ட் போனபோது மட்டும் உறுமுகிறது என்றால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கலாம். சைன் வேவ் இன்வெர்ட்டரில்தான் இந்தச் சாதனங்களை ஓட்ட வேண்டும்.

கேபிள் மாற்றியபின் குரலை மோனோவில் போட்டுப் பாருங்கள். நடுவில் ஊசிமுனையாக நிற்காமல் அறை முழுக்கப் பரவி, பேஸும் மெலிந்தால் ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிளில் 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் இடம் மாறியிருக்கின்றன. கையால் சால்டர் செய்த கேபிளில் இது சகஜம்.

கடைசியாக ஒலி அளவு. மைனஸ் 20 டெசிபெல் பிங்க் நாய்ஸை (எல்லா ஸ்தாயியிலும் சம பலமுள்ள இரைச்சல்) ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஓட்டி, ஒலி அளக்கும் மீட்டரை சி வெயிட்டிங், ஸ்லோவில் வைத்துத் தலை இருக்கும் இடத்தில் அளக்கவும். அமெரிக்க டிவி ஒளிபரப்புத் தர அமைப்பான ஏடிஎஸ்சியின் ஏ/85 பரிந்துரை 1500 கன அடிக்குக் குறைந்த அறைக்கு 76 டெசிபெல் என்கிறது, உங்களுடையது 1200. பிறகு மறு ஸ்பீக்கரையும் அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். போன் செயலி துல்லியம் குறைந்தது, ஆனால் இரண்டையும் சமமாக்க அது போதும். அந்த இடத்தில் குமிழில் ஒரு கோடு போட்டு வைத்து, மிக்ஸை எப்போதும் அதே அளவில் செய்யுங்கள். சத்தத்தைக் கூட்டினால் காதுக்கு பேஸ் தானாகக் கூடித் தெரியும். அளவு மைக் ஒன்று வாங்க முடிந்தால், ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளில் 20 முதல் 20000 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் ஓட்டிப் பாருங்கள். வரைபடத்தில் தெரியும் மேட்டை ஈக்வலைஸரில் சில டெசிபெல் வெட்டலாம். பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள்: எவ்வளவு ஏற்றினாலும் திரும்பி வரும் அலையும் அதே அளவு ஏறும், ஆம்ப்ளிஃபையர்தான் திணறும். பள்ளம் தெரிந்தால் மறுபடியும் நாற்காலியையும் ஸ்பீக்கரையும் நகர்த்துங்கள்.