கரும்புச் சக்கைத் தொட்டி உடைவது பற்றி

வணக்கம். மொரீஷியஸின் க்யூர்பீப்பில் கரும்புச் சக்கைத் தூளையும், பி.எல்.ஏ. என்ற, தாவர மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்கின் குருணையையும் பாதிக்குப் பாதி கலந்து, 210 டிகிரியில் நாற்றுத் தொட்டி அச்சடிப்பதாகவும், உள்ளே குமிழி விழுந்து விளிம்பு பொடிப்பொடியாக உதிர்வதாகவும் எழுதியிருந்தீர்கள்.

எனக்கு முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான். ஆலையிலிருந்து வரும் சக்கையின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். வெயிலில் காயவைத்தேன் என்கிறீர்கள்; உங்கள் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் அது காய்ந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். அந்த ஈரம் சூட்டில் நீராவியாகிக் குமிழி விடுகிறது. அதைவிட மோசம், உருகிய பி.எல்.ஏ.வின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளையும் அறுத்துவிடுகிறது. சக்கையை ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். குருணையைத் தனியாக, 50 டிகிரி அளவில் நீண்ட நேரம். ஆறவிட்டுத் திறந்து வைக்காதீர்கள், மறுபடி ஈரம் இழுக்கும்.

210 டிகிரியும் அதிகம். 200 டிகிரியை ஒட்டியே நார் கருகத் தொடங்கும், பி.எல்.ஏ. உருக 180 போதும். சக்கையின் பஞ்சு போன்ற உட்பகுதியைச் சலித்து எடுத்துவிட்டு, நாரை 20 சதவீதத்துக்குக் குறையுங்கள். நார் பிளாஸ்டிக்கோடு நன்றாக ஒட்ட அதைக் காஸ்டிக் சோடாவில் கழுவுவதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லைதான். தொட்டியோடு மண்ணில் புதைக்கலாம் என்று விளம்பரம் செய்யாதீர்கள். பி.எல்.ஏ. ஒழுங்காக மட்க 60 டிகிரி அளவு சூடான உரக்குவியல் வேண்டும். தோட்ட மண்ணில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.