அட்லாண்டாவில் மூன்று ஆட்டங்கள்

வணக்கம் ஐயா,

அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஜேலன் ஹர்ட்ஸ் பற்றிய குறிப்பில், அலபாமா பல்கலைக்கழக அணியை விட்டு ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போனது அவருக்கு நல்லதாகப் போயிற்று என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் டெக்சாஸில் இருக்கிறேன். என் மகனுக்குக் கல்லூரி ஃபுட்பால் பைத்தியம், எனக்கும் தொற்றிக்கொண்டது. இடம் கிடைக்கவில்லை என்றதும் வேறு கல்லூரிக்குத் தாவியவரை எப்படிப் பாராட்டுவது? இன்று ஆண்டுக்கொரு கல்லூரி மாறும் குவாட்டர்பேக்குகளுக்கு (பந்தை வீசி அணியை நடத்துபவர்கள்) வழிகாட்டியவர் அவர்தானே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் முடித்தது என் தப்புதான். ஆனால் ‘கிடைக்கவில்லை என்றதும்’ என்கிறீர்களே, அந்த ‘என்றதும்’தான் ஹர்ட்ஸுக்குப் பொருந்தவில்லை.

2018 ஜனவரி 8, அட்லாண்டா, கல்லூரி ஃபுட்பாலின் தேசிய இறுதியாட்டம். முதல் பாதியில் ஹர்ட்ஸ் வீசிய எட்டில் மூன்றுதான் கைசேர்ந்தன, மொத்தம் 21 யார்டு. ஜார்ஜியா 13-0 என்று முன்னால் நின்றது. இடைவேளையில் பயிற்சியாளர் நிக் சேபன் அவரை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவர் டூவா டங்கோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் டூவா 41 யார்டு வீச, டெவான்டா ஸ்மித் பிடிக்க, 26-23 என்று அலபாமா ஜெயித்தது. அந்த ஆட்டத்தையும் சேர்த்து, ஹர்ட்ஸ் முதல் குவாட்டர்பேக்காக இறங்கிய 28 ஆட்டங்களில் அலபாமா 26-ல் ஜெயித்திருந்தது. அப்படிப்பட்டவருக்குத்தான் பெஞ்ச்.

அவர் உடனே கிளம்பவில்லை. அந்த ஆண்டுதான் புது விதி வந்தது: நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாவிட்டால், ஒரு மாணவருக்கு ஆடக் கிடைக்கும் சீசன்களின் கணக்கில் அந்த சீசன் சேராது. கிளெம்சன் என்ற இன்னொரு கல்லூரியில் இதேபோல் இடம் இழந்த கெல்லி பிரையன்ட், நான்கு ஆட்டம் முடிந்ததும் விலகி சீசனைக் காப்பாற்றிக்கொண்டார். விதி தந்த உரிமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் விலகிய மூன்றாம் நாள் ஹர்ட்ஸ் மாற்று ஆட்டக்காரராகவே தம் ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினார். மைதானத்தில் கால் வைத்த அந்த நொடியில் ஒரு சீசன் செலவானது, தெரிந்தேதான்.

டிசம்பர் 1. அதே அட்லாண்டா மைதானம், அதே ஜார்ஜியா. நான்காம் கால் பகுதியில் அலபாமா 28-21 என்று பின்தங்கியிருந்தபோது டூவா கணுக்கால் அடிபட்டு வெளியேறினார். உள்ளே வந்த ஹர்ட்ஸ் ஒரு டச்டவுனுக்கு (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) வீசினார், இன்னொன்றைத் தாமே ஓடி முடித்தார். 35-28. பிறகு பேச வந்த சேபனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மகனோடு உட்கார்ந்து இந்த ஆட்டத்தை ஒருமுறை பாருங்கள்.

அந்த மாதமே பட்டம் வாங்கினார். பட்டம் இல்லாமல் மாறினால் ஓராண்டு சும்மா இருக்க வேண்டும், வாங்கிவிட்டால் உடனே ஆடலாம் என்பது அன்றைய விதி. ஆக, அலபாமாவுக்கு அவர் பாக்கி எதுவும் வைக்கவில்லை. ஓக்லஹோமாவில் அவருக்கு முன் நின்ற பேக்கர் மேஃபீல்டும் கைலர் மர்ரேயும் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள், ஓராண்டு காத்திருந்து ஆடியவர்கள். 2017-லும் 2018-லும் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது அவர்களுக்குத்தான். இந்த வரிசையில் ஹர்ட்ஸ் எப்படி வழிகாட்டி ஆவார்?

காத்திராமல் ஒருமுறை மாறலாம் என்றது 2021. எத்தனை முறை என்ற கணக்கையே எடுத்தது 2024. இன்றைய தாவல் மேல் எனக்கும் எரிச்சல் உண்டு. விடுதிச் சுவரில் ஆணி அடிப்பதற்குள் மூட்டை கட்டுகிறார்கள். ஆனால் ஹர்ட்ஸின் ஓக்லஹோமா பயிற்சியாளர் லிங்கன் ரைலியும் 2021-ல் கலிஃபோர்னியாவில் வேறொரு கல்லூரிக்குப் போனார். மாணவர் மாறினால் மட்டும் நாம் ‘தாவல்’ என்கிறோம்.

ஓக்லஹோமாவில் ஹர்ட்ஸுக்கு ஒரே சீசன், 2019. வீசி 3,851 யார்டு, ஓடி 1,298. ஹைஸ்மனில் இரண்டாமிடம். முதலிடம் ஜோ பரோவுக்கு. அவரும் ஓஹாயோ ஸ்டேட்டில் வாய்ப்பின்றி லூசியானா ஸ்டேட்டுக்குப் போனவர். டிசம்பர் 28 அரையிறுதியில் இருவரும் மோதினார்கள், மறுபடி அதே அட்லாண்டா மைதானம். பரோ முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன் வீச, 63-28 என்று ஓக்லஹோமா நொறுங்கியது. ‘நல்லதாகப் போயிற்று’ என்று அந்த மாலையில் யார் சொல்லியிருந்தாலும் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் 2020 தேர்வில் பரோ முதலாவது, ஹர்ட்ஸ் 53-ஆவது. அவரை எடுத்த ஃபிலடெல்ஃபியா அணியில் அப்போது வேறொரு குவாட்டர்பேக் இருந்தார், ஆகவே மறுபடி பெஞ்ச். 2025 பிப்ரவரியில் தொழில்முறை இறுதியாட்டமான சூப்பர் பவுல், 40-22 என்று ஃபிலடெல்ஃபியா ஜெயித்தது, ஆட்டநாயகன் ஹர்ட்ஸ். அதில் மூன்றாம் கால் பகுதியில் அவர் 46 யார்டு வீசிய பந்தைப் பிடித்து டச்டவுன் ஆக்கியவர் டெவான்டா ஸ்மித். அன்று அட்லாண்டாவில் டூவாவின் பந்தைப் பிடித்தாரே, அவரேதான்.