இரண்டும் 4 விசிபியூ, ஒன்று மட்டும் ஏன் இழுக்கிறது?

கேள்வி: கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் 4,000 இன்வாய்ஸ்களைப் படித்து, சரிபார்த்து, சேமிக்கும் வேலை கிளவுடில் ஓடுகிறது. இரண்டு நிறுவனங்களிடம் சோதித்தோம். இரண்டுமே ‘4 விசிபியூ (சர்வர் செயலியில் நமக்குக் கிடைக்கும் பங்கு), 16 ஜிபி நினைவகம்’ என்றன. ஒன்றில் 50 நிமிடம். மற்றதில் முதல் 1,500 வேகமாக முடிந்து, பிறகு தவழ ஆரம்பித்து, 1 மணி 40 நிமிடம் ஆனது. எதை வைத்து ஒப்பிடுவது?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: முதலில் ஓடி, பிறகு தவழ்ந்தது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பெரும்பாலும் அது ‘பர்ஸ்டபிள்’ சர்வர். சும்மா இருக்கும்போது வேகத்தைச் சேமித்து வைக்கும். வேலை வந்ததும் செலவழிக்கும். தீர்ந்தால் அடிப்படை வேகம்தான். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரின் பி வரிசை சர்வர்கள் இப்படி இறங்கும். அமேசானின் டி3 வகை சர்வரில் வழக்கமான அமைப்பில் வேகம் குறையாது, கட்டணம் ஏறும். பத்து நிமிடச் சோதனையில் இது தெரியாது. நீங்கள் 4,000-ஐயும் ஓட்டிப் பார்த்தது நல்லதாயிற்று.

மொத்த நேரம் மட்டும் போதாது. ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் படிப்பது, சரிபார்ப்பது, சேமிப்பது என்று கட்டத்துக்குக் கட்டம் மூன்று நேரம் பதிவாகட்டும்: வரிசைக்கு வந்தது, தொடங்கியது, முடிந்தது. முதல் இரண்டுக்கும் இடையே உள்ளது காத்திருப்பு. அது பெருத்திருந்தால் ஒரே சமயத்தில் எத்தனை இன்வாய்ஸ் ஓடுகிறது என்பதைத்தான் முதலில் கூட்டிப் பார்க்க வேண்டும். சராசரியை நம்பாதீர்கள். 4,000 நேரங்களையும் ஏறுவரிசையில் அடுக்கி, 2,000-ஆவதையும் 3,800-ஆவதையும் பாருங்கள். இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால் சில இன்வாய்ஸ்கள் எங்கோ சிக்குகின்றன. பல பக்கக் கோப்புகளையும், தோற்று மறுபடி ஓடியவற்றையும் முதலில் தேடுங்கள். ஐந்து முறையாவது, வெவ்வேறு நாட்களில் ஓட்டுங்கள்.

விற்பவர் தரும் விவரத்தை ஒரே அலகுக்கு மாற்றி ஒரு தாளில் எழுதுங்கள். இன்டெல் சர்வரில் ஒரு விசிபியூ பெரும்பாலும் ஒரு த்ரெட், அதாவது செயலியின் ஒரு கோரில் (கணக்கிடும் அலகில்) பாதி. அமேசானின் சொந்தச் செயலியான கிராவிட்டனில் முழு கோர். இடத்தையும் ஊர் பெயரோடு கேளுங்கள்: அஷூர் 2019 முதல் ஜோகன்னஸ்பர்க்கிலும், அமேசான் 2020 முதல் கேப் டவுனிலும், கூகுள் 2024 முதல் ஜோகன்னஸ்பர்க்கிலும் இருக்கின்றன. வெளிநாட்டு சர்வர் மலிவாகத் தெரிந்தாலும், வாடிக்கையாளர் விவரம் எல்லை தாண்டினால் தனிநபர் தகவலைக் காக்கும் தென்னாப்பிரிக்காவின் போப்பியா சட்டத்தின் 72-ஆம் பிரிவைப் பார்த்தாக வேண்டும். அந்தத் தாளின் கடைசி வரியில் ஒரே எண்: 1,000 இன்வாய்ஸுக்கு எத்தனை ரேண்ட்? டாலர் மாற்று, தரவு வெளியே எடுக்கும் கட்டணம், 15 சதவீத வாட் எல்லாம் சேர்த்து.

கேள்வி: நாங்கள் வாங்கும் மூன்று கிளவுட் சேவைகளும் 99.9 சதவீத நேரம் நிற்காமல் ஓடும் என்று உறுதி தருகின்றன. போதுமா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: 30 நாள் மாதத்தில் 99.9 என்றால் 43 நிமிடம் நிற்கலாம். மூன்றும் ஒன்றை நம்பி ஒன்று ஓடினால் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 99.7 வருகிறது, மாதம் சுமார் 2 மணி 10 நிமிடம். உறுதி தவறினால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த கட்டணத்தில் கழிவுதான். நின்றுபோன வேலைக்கு ஈடு அதில் இல்லை. அதைக்கூட நீங்களே கேட்டால்தான் பெரும்பாலும் தருவார்கள். நின்ற நேரத்தைக் குறித்து வையுங்கள்.